வழியில் நடக்கும்போது

நூறு ஆண்டுகளுக்கு முன் கொல்லிமலையில் ஒரு வகுப்பறை இருந்தது. அதற்குச் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. ஒரு மரத்தின் கிளையே மாணவனின் இருக்கை. கீழே அவனுடைய தாய் அமர்ந்திருப்பார். கணக்கைப் போட்டு முடித்ததும் சிறுவன் தாளைக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்குவான். தாய் திருத்துவார். தாள் மறுபடியும் மேலே ஏறும். வீட்டுக்குள் அடங்கி உட்கார மறுத்த பிள்ளைக்கு அந்தத் தாய் அளித்த சலுகை அது.

அந்தச் சிறுவன்தான் பால் பிராண்ட். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்த முடியும் என்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் செய்து காட்டியவர். தந்தை ஜெஸ்ஸி பிராண்ட், தாய் ஈவ்லின். இருவரும் இங்கிலாந்து நாட்டவர். ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்தவர்கள். நம் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர் என்பது உண்மையே. ஆயினும் பிரிந்த சகோதரரிடம் விளங்கும் நன்மைகளை மகிழ்வோடு மதித்து ஏற்குமாறு 1964இல் வெளிவந்த சங்க ஏடு நம்மைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. கொல்லிமலையைப் பற்றிப் பேசுகிறவர் எவரும் இந்தக் குடும்பத்தை ஒதுக்கிவிட்டுப் பேசுவது இயலாது.

இவர்களை நான் நினைத்துக்கொள்ள நேர்ந்தது ஒரு பாட்டியின் முறையீட்டினால். எனக்கு அறிமுகமான ஒரு குடும்பத்தில் இரண்டு பிள்ளைகள். மூத்தவளுக்குப் பன்னிரண்டு வயது, இளையவனுக்கு ஒன்பது. மூன்று ஆண்டுகளாக அவர்களைப் பள்ளிக்கு அனுப்பாமல் தாயும் தந்தையும் வீட்டிலேயே கற்பித்து வருகிறார்கள். தாய் ஏற்கெனவே பள்ளி ஆசிரியையாக இருந்தவர். இப்போது இருக்கிற வண்டியிலேயே பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வடகோடிவரை இரண்டு மாதப் பயணம் போவது என்று முடிவு செய்திருந்தார்கள். நம் நாமக்கல்லைத் தொட்டுச் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை 3,700 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு ஸ்ரீநகரில் போய் நிற்கிறது. அதன் பிறகு சோஜி லா கணவாயைக் கடந்து கார்கில், லே. வழியெல்லாம் பாடம் என்பது அவர்களுடைய திட்டம். வண்டியை மந்திரிக்கக் கேட்டு வந்தபோது அப்பாயியும் கூட வந்திருந்தார்.

“சாமி, பள்ளிக்கூடத்து வாசப்படி ஏறாத பிள்ளைங்கள நாளைக்கு யாரு மதிப்பா? இப்ப ஊர் ஊராச் சுத்தப் போறாங்களாம். நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க” என்றார் அந்த அம்மா.

எடுத்துச் சொல்வதற்கு என்னிடம் ஆயத்தமான விடை எதுவும் இருக்கவில்லை. ஆகவே, “வடக்கே போவது இருக்கட்டும், முதலில் ஒருநாள் எல்லாருமாகக் கொல்லிமலைக்குப் போய் வருவோம்” என்றேன்.

திருச்சபை இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று கேட்டால், பலருக்கு வியப்பாக இருக்கும். நாம் பள்ளிகளைக் கட்டியே பழகியவர்கள். ஒரு பங்கு என்றால் கோவில், கல்லறை, பள்ளிக்கூடம் என்று மூன்றையும் சேர்த்தே நினைக்கிறோம். ஆனால், 1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர்கள் பெற்றோரே என்றும், அவர்கள் தம் கடமையில் தவறினால் அந்த இடத்தை மற்றவர் நிரப்புவது அரிது என்றும் உரைக்கிறது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, பள்ளியைப் பெற்றோருக்கு வாய்த்த தலையாய துணை என்று 796ஆம் எண்ணில் குறிப்பிடுகிறது. பள்ளி துணையே அன்றிப் பதிலாள் அன்று. குருமடத்தில் இதையெல்லாம் படித்துத் தேர்வு எழுதிய நாம், பங்குக்கு வந்தபின் பிள்ளை சேர்க்கைக்குச் சிபாரிசுக் கடிதம் கேட்டு வருகிறவர்களிடம் இதைச் சொல்வதற்கு நேரம் கிடைப்பதில்லை.

நாட்டுச் சட்டத்தின் நிலை வேறு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை கல்வியைப் பிள்ளையின் உரிமையாக்கியது. பள்ளிக்குச் செல்லாமல் கற்ற பிள்ளை தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனத்தின் வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதலாம். இந்தக் குடும்பமும் அதையே எண்ணியிருந்தது. அப்பாயியின் அச்சம் தேர்வைப் பற்றியது அன்று. பிள்ளைகள் ஊரோடு ஒட்டாமல் போய்விடுவார்களோ என்பதே அவருடைய கவலை. அதை எளிதில் தள்ளிவிட முடியாது.

அடிவாரமாகிய காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை நிற்கிறது. பிள்ளைகள் உரக்க எண்ணிக்கொண்டே வந்தார்கள். முப்பதைத் தாண்டியதும் எண்ணும் குரல் தளர்ந்தது; ஐம்பதுக்குமேல் வாந்தி. இது எந்தப் பாடத்தில் சேரும் என்று தந்தையை நான் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே உடற்கூறு என்றார்.

மேலே, கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில், வேறொரு நாடு விரிகிறது. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு என்று 14 நாடுகள். சங்க காலத்தில் வல்வில் ஓரி ஆண்ட மலை. கண்டாரை மயக்கிக் கொல்லும் கொல்லிப்பாவையைப் பற்றிப் பழம் புலவர்கள் பேசிய மலை. சமவெளி மக்களை இந்த மலையிலிருந்து விலக்கி வைத்தது பாவை அன்று, மலைக் காய்ச்சலே என்று நான் எண்ணுவதுண்டு. மலேரியாவுக்கு அஞ்சி அக்காலத்தில் கீழ்நாட்டார் மலைமேல் இரவு தங்கமாட்டார்கள்.

ஜெஸ்ஸியும் ஈவ்லினும் 1913 ஆகஸ்டில் மணம் செய்துகொண்டு, அந்த அச்சம் சூழ்ந்த மலையைத்தான் இல்லறத்துக்குத் தேர்ந்துகொண்டார்கள். அன்று இந்த 70 வளைவுகள் இல்லை. செங்குத்தான ஒற்றையடிப் பாதை. இயன்றவர் நடந்தார்கள், இயலாதவரை டோலியில் தூக்கிச் சென்றார்கள். லண்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்து ஓவியம் பயின்ற பெண்மணி, ஜெஸ்ஸி கட்டிய மரவீட்டில் குடியேறினார். 1914இல் பால் பிறந்தார். அடுத்து ஒரு தங்கை. பள்ளி என்று சொல்ல அருகில் ஒன்றும் இல்லை. ஆதலால், வீட்டுக்கல்வி அவர்கள் தேர்ந்த கொள்கை அன்று, வேறு வழியின்மையே. இந்த வேறுபாட்டை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தாய் எழுத்தும் எண்ணும் கற்பித்தார். தந்தை கற்பித்தது நடையில். ஊர் ஊராக மருந்துப் பெட்டியோடு செல்லும் வழியில் கறையான் புற்றைப் பிளந்து உள்ளே இருக்கும் அறைகளையும் பாதைகளையும் பிள்ளைகளுக்குக் காட்டுவார். பறவை, பூச்சி, மரம், பாறை எல்லாமே அவருக்குப் பாடநூல். வீட்டிலும் வழியிலும் பிள்ளைகளோடு இறைவார்த்தையைப் பேசிக்கொண்டே இருக்கும்படி இணைச்சட்டம் 6ஆம் அதிகாரம் பெற்றோரைப் பணிக்கிறது. ஜெஸ்ஸி அதை அப்படியே எடுத்துக்கொண்டவர் போலும். மறைக்கல்விக்கென்று ஞாயிறு காலை ஒரு மணிநேரத்தை ஒதுக்கிவிட்டு, மற்ற நேரத்தில் பிள்ளைகளோடு மதிப்பெண்ணைப் பற்றி மட்டுமே பேசும் நம் வீடுகளை எண்ணிப் பார்க்கிறேன்.

ஆனால் அந்தச் சிறுவனுக்குக் கிடைத்த ஆசிரியர்கள் பெற்றோர் மட்டுமே என்றால் நான் இந்தக் கதையைப் பிறருக்குச் சொல்லத் தயங்கியிருப்பேன். அங்கே இன்னோர் ஆசிரியர் இருந்தார். அவருடைய பெயர் நமக்குத் தெரியாது. பால் பிராண்ட் தம் முதிய வயதில் எழுதியபோதும் அவரைத் தாத்தா என்றே குறிப்பிட்டார்.

மலைச்சரிவில் படிப்படியாக அமைந்த நெல்வயல்களில் ஊர்ப் பையன்களோடு சேர்ந்து பால் தவளை பிடித்துக்கொண்டிருந்தான். ஓடி விளையாடியதில் சேறு கலங்கியது. நாற்றுகள் சில மிதிபட்டன. வாய்க்கால்களைக் காக்கும் தாத்தா வருவதைக் கண்டு பிள்ளைகள் அஞ்சி நின்றார்கள். அவர் அடிக்கவில்லை. வயலிலிருந்து ஒரு கை சேற்றை அள்ளினார். இந்தச் சேற்றில்தான் ஆண்டுதோறும் சோறு விளைகிறது என்றார். வரப்பைத் தாண்டிக் கீழ்வயலுக்கு வழியும் நீரைச் சுட்டிக்காட்டினார். அது கலங்கலாக ஓடியது. தெளிந்து ஓடும் நீர் மண்ணைக் கொண்டுபோவதில்லை; கலங்கி ஓடும் நீர் கொண்டுபோகிறது. வயலை விட்டு ஆற்றில் சேர்ந்த மண் மலைக்குத் திரும்புவதே இல்லை. இவ்வளவுதான் பாடம். பள்ளிப் படிப்பு இல்லாத ஒரு மலைவாசிப் பெரியவர், ஒரு வெள்ளைக்காரப் பையனுக்கும் தம் ஊர்ப் பையன்களுக்கும் ஒரே குரலில் சொன்ன பாடம். பல பட்டங்களும் விருதுகளும் பெற்ற பின்னரும் அந்த ஒரு கைப்பிடிச் சேற்றை அவர் மறக்கவில்லை.

இதை வயலோரத்தில் நின்று நான் சொன்னபோது மூத்தவள் வரப்பில் குனிந்து நீரைப் பார்த்தாள். தெளிவாக இருப்பதாகச் சொன்னாள். அவளுடைய அம்மா அதை ஒரு குறிப்பேட்டில் எழுதப் போனார். “எழுத வேண்டாம் அம்மா, பார்க்கட்டும்” என்று நான் சொல்ல வேண்டியதாயிற்று. வீட்டில் கற்பிக்கும் பெற்றோருக்கு எல்லாவற்றையும் பாடமாக்கிவிடும் அவசரம் வந்துவிடுகிறது. அது பள்ளியைவிடப் பெரிய சிறையாகிவிடவும் கூடும்.

பிள்ளைகள் கற்பது நாம் கற்பிப்பதை மட்டும் அன்று. இதற்கும் அந்த மலைவீட்டிலேயே சான்று உண்டு. ஒருநாள் தொழுநோயாளர் மூவர் சிகிச்சை தேடி வந்தார்கள். யாருக்கும் அஞ்சாமல் எவரையும் தொட்டு மருத்துவம் செய்யும் தந்தை அன்று கையுறை அணிந்துகொண்டார். பிள்ளைகள் விலகி நிற்குமாறு பணிக்கப்பட்டார்கள். உணவு கொடுத்தனுப்பிய கூடைகூட எரிக்கப்பட்டது. அக்காலத்து மருத்துவ அறிவு அவ்வளவே. பெற்றோர் யாரையும் வெறுக்கக் கற்பிக்கவில்லை. ஆனாலும் பையன் பார்த்தான், கற்றான். அச்சம் எந்தப் பாடவேளையிலும் இல்லாமலே கற்பிக்கப்பட்டுவிடுகிறது. நம் வீட்டுப் படியேறி வருகிறவர்களில் யாருக்கு நாற்காலி, யாருக்குத் திண்ணை, யாருக்குத் தனி டம்ளர் என்பதை நம் பிள்ளைகள் எந்தப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டார்கள்?

தந்தை நரம்புச் சிலந்திப் புழுவை நோயாளியின் காலிலிருந்து சிறு குச்சியில் சுற்றிச் சுற்றி வெளியே இழுப்பதையும் பால் பார்த்திருக்கிறான். (அசுத்த நீரால் பரவிய அந்த நோய் இன்று இல்லை; இந்தியா அதிலிருந்து விடுபட்டதாக உலக நலவாழ்வு நிறுவனம் 2000இல் சான்றளித்தது.) சீழும் இரத்தமும் அவனுக்கு அருவருப்பையே தந்தன. மருத்துவன் ஆவதில்லை என்று அப்போதே தீர்மானித்தான். இங்கிலாந்தில் வளர்ந்தபின் கட்டட வேலையும் தச்சு வேலையும் கற்றான். அதன் பிறகே மனம் மாறி மருத்துவம் படித்தான்.

1946இல் வேலூருக்கு வந்த மருத்துவர் பால் பிராண்ட், அடுத்த ஆண்டு செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். மடங்கிய கையுடைய நோயாளி ஒருவரின் கையைப் பிடித்து அழுத்தச் சொன்னபோது, அவருடைய பிடி வலியெடுக்கும் அளவுக்கு உறுதியாக இருந்தது. தசைகள் சில செயலிழந்திருக்க, வேறு சில வலிமையோடு இருக்கின்றன. அவற்றின் நாண்களை இடம் மாற்றினால் விரல் அசையும் என்ற எண்ணம் அங்கே பிறந்தது. தொழுநோயில் விரல்கள் தாமாக உதிர்வதில்லை, வலியை உணராததால் ஏற்படும் காயங்களே அவற்றை அழிக்கின்றன என்பதையும் அவரும் உடன் உழைத்தவர்களும் படிப்படியாக நிறுவினர். கையுறை அணிந்த தந்தையைக் கண்டு அஞ்சிய பிள்ளை, அந்தக் கைகளை வெறுங்கையால் பற்றும் மனிதராக வளர்ந்தது எப்படி? கல்வி பற்றிப் பேசும் எந்த நூலிலும் இதற்கு முழு விடை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இறையருள் என்று ஒரே சொல்லில் முடித்துவிடவும் மனம் வரவில்லை. அந்தக் கையுறைக்குப் பின்னாலும் ஒரு மனிதர் மண்டியிட்டுப் புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தார் அல்லவா? பையன் இரண்டையும் பார்த்திருக்கிறான்.

இனிக் கடினமான பகுதிக்கு வருகிறேன். 1923இல் குடும்பம் முழுவதும் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. பாலுக்கு ஒன்பது வயது. விடுப்பு முடிந்ததும் பெற்றோர் இருவர் மட்டும் கொல்லிமலைக்குத் திரும்பினார்கள். பிள்ளைகள் உறவினர் வீட்டில் தங்கிப் பள்ளிக்குச் சென்றார்கள். அக்காலத்து மறைபணியாளர் குடும்பங்களில் இது வழக்கமே. வழக்கம் என்பதால் நோவு குறைந்துவிடுவதில்லை. மரக்கிளையில் இருந்த வகுப்பறை அத்தோடு முடிந்தது.

அதன் பிறகு கடிதங்களே பள்ளி. மலையில் தாம் கண்ட செடி, பறவை, மேகம் ஆகியவற்றைப் பற்றி ஜெஸ்ஸி மகனுக்கு எழுதுவார். கடிதம் கப்பலில் போய்ச் சேர வாரங்கள் ஆகும். 1929 ஜூன் 15 அன்று ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலால் மலையிலேயே இறந்தார், வயது 44. தந்தி உடனே இங்கிலாந்தை எட்டிவிட்டது. ஆனால், முன்னரே அஞ்சலில் சேர்த்த கடிதங்கள் கடலில் வந்துகொண்டிருந்தன. தந்தை இறந்த செய்தி கேட்ட பின்பும், பல வாரங்கள், தந்தை எழுதிய கடிதங்களைப் பதினான்கு வயதுப் பையன் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தான்.

குருமடத்தில் சேர்ந்த புதிதில் எனக்கும் வீட்டிலிருந்து நீலநிற உள்நாட்டுக் கடிதம் வரும். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லி எழுதச் சொல்வார். மழை பெய்ததா, எருமை கன்று போட்டதா என்பதே செய்தி. இப்போது எண்ணினால், என் வீட்டுக்கல்வி அந்தக் கடிதங்களில் தொடர்ந்து நடந்திருக்கிறது. ஆகவே, ஜெஸ்ஸியின் கடிதங்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிடுவேன்.

நம் விவிலியத்தில் தோபித்து நூல் ஒரு மகனின் நெடும்பயணத்தைச் சொல்கிறது. தோபியா புறப்படும்போது தாய் அன்னா அழுகிறார். பணம் போனால் போகிறது, பிள்ளையை ஏன் அனுப்பினீர் என்று கணவரோடு வழக்காடுகிறார். வழித்துணையாக வந்தவர் இரபேல் வானதூதர் என்பது பெற்றோருக்குத் தெரியாது. (நாயும் கூடப் போயிற்று என்று அந்த நூல் சொல்வது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி.) திருக்குடும்பமும் ஆண்டுதோறும் பாஸ்கா விழாவுக்கு நாசரேத்திலிருந்து எருசலேமுக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல் நடந்த குடும்பம்தான். இயேசுவுக்குப் பன்னிரண்டு வயதானபோது அந்தப் பயணத்தில் அவரைக் காணாமல் மூன்று நாள் தேடினார்கள். கண்டபோது அவர் ஆசிரியர்கள் நடுவே அமர்ந்து, கேட்டுக்கொண்டும் வினவிக்கொண்டும் இருந்தார். மரியாவும் சூசையும் கற்பித்த பிள்ளை, வேறு ஆசிரியர்களைத் தானே தேடிப் போயிற்று. அன்னை மரியாவுக்கே அது உடனே விளங்கவில்லை என்று லூக்கா எழுதுகிறார். வீட்டிலேயே கற்பிக்கிறோம் என்னும் பெற்றோர் இந்தப் பகுதியைத் தனியாக உட்கார்ந்து வாசிக்க வேண்டும்.

செம்மேட்டுப் பேருந்து நிறுத்தத்தில் தேநீருக்காக நின்றோம். அங்கே மூட்டை முடிச்சோடு ஒரு குடும்பம் காத்திருந்தது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு சாக்கில் பாத்திரங்கள். கேரளத்துத் தோட்ட வேலைக்குப் போகிறார்களாம். கொல்லிமலைக் குடும்பங்கள் பல இப்படி ஆண்டில் சில மாதங்கள் கேரளத்திலும் கர்நாடகத்திலும் உள்ள காப்பி, மிளகுத் தோட்டங்களுக்குப் போய் வருகின்றன. ஒன்பது வயதுப் பையன் அவர்களைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டான்: “ஃபாதர், இவங்களும் ஹோம் ஸ்கூலா?”

யாரும் பதில் சொல்லவில்லை. அப்பாயி மட்டும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அந்தப் பிள்ளைகளும் சாலையில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கும் பெற்றோர் கூடவே இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் விட்டுச் செல்வது பள்ளியின் இருக்கையையும் சத்துணவையும். திரும்பி வரும்போது பாடம் எங்கோ போயிருக்கும். மலையில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. பிள்ளையை அங்கே விட்டுவிட்டுத் தாங்கள் மட்டும் போகிற பெற்றோரும் உண்டு. ஒன்பது வயதில் பாலைப் பிரிந்த ஈவ்லினின் நோவை, எழுத்தறியாத எத்தனையோ மலைத் தாய்மார் ஆண்டுதோறும் பேருந்து நிறுத்தத்தில் அனுபவிக்கிறார்கள். அவர்களைப் பற்றி யாரும் நூல் எழுதுவதில்லை. பள்ளியைத் துறப்பதற்கும் பள்ளியை இழப்பதற்கும் இடையே உள்ள தூரம் நாமக்கல்லுக்கும் லேக்கும் உள்ள தூரத்தைவிடப் பெரியது. அதை அந்தப் பெற்றோரிடம் நான் வெளிப்படையாகவே சொன்னேன். அவர்கள் கோபிக்கவில்லை. தாய் அந்தப் பெண்ணின் அருகில் போய் அமர்ந்து, பேருந்து வரும்வரை பேசிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் நால்வரும் ஒரு பொட்டலம் வேர்க்கடலையைப் பகிர்ந்துகொண்டார்கள்.

வாழவந்தி நாட்டில் ஜெஸ்ஸியின் பணி நடந்த இடத்துக்கும் போனோம். அவர் மலையில் பள்ளிகளைத் தொடங்கினார். பயிர்த்தொழிலையும் கைத்தொழிலையும் கற்பித்தார். தம் பிள்ளைகளுக்கு மட்டும் வீட்டில் சொல்லிக் கொடுத்துவிட்டு ஊராரின் பிள்ளைகளை மறந்துவிடவில்லை. முதல் உலகப் போரின் முடிவில் கொள்ளைக் காய்ச்சல் பரவியபோது, அதுவரை அவர்களை எதிர்த்து வந்த உள்ளூர்ப் பூசாரி ஒருவர் நோயில் விழுந்தார். இவர்கள் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். அவர் இறக்கும் தறுவாயில் தம் பிள்ளைகளை இவர்களிடமே ஒப்படைத்தார். அந்த வீட்டின் வகுப்பறை அப்படித்தான் பெரிதாயிற்று.

கணவருக்குப் பின் ஈவ்லின் இங்கிலாந்து சென்று, மறுபடியும் இந்தியாவுக்கு வந்து சமவெளியில் பணிபுரிந்தார். 1947இல், 68ஆம் வயதில், ஓய்வு பெறும் காலம் வந்ததும் மிஷன் பொறுப்பிலிருந்து விலகித் தாமாகவே மலையேறிவிட்டார். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இறங்கி வந்துவிடுங்கள் என்று மருத்துவரான மகனே வந்து மன்றாடினார், கேட்கவில்லை. இரண்டு மூங்கில் கோல்களை ஊன்றி நடந்தார். நடக்க முடியாத இடங்களுக்குக் குதிரையில் போனார். கொல்லிமலையோடு நில்லாமல் பச்சைமலை, கல்வராயன்மலை என்று அடுத்தடுத்த மலைகளுக்கும் சென்றார். 1974 டிசம்பர் 18 அன்று 95ஆம் வயதில் இறந்து, கணவரின் அருகில் அடக்கம் செய்யப்பட்டார். பால் பிராண்ட் 2003 ஜூலை 8 அன்று, 88ஆம் வயதில், அமெரிக்காவில் மறைந்தார்.

ஆண்டுகளைக் கேட்டதும் மூத்தவள் கழித்துப் பார்த்துவிட்டு, கணவர் இறந்தபின் ஈவ்லின் 45 ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார் என்றாள். அப்பாயி நெடுநேரம் அங்கேயே நின்றிருந்தார். அவரும் இளமையிலேயே கணவரை இழந்தவர்.

இறங்கும்போது அவர் என்னிடம், “சாமி, அந்தம்மா குதிரையில போனாங்களா?” என்று மட்டும் கேட்டார். ஆம் என்றேன். வேறு எதுவும் பேசவில்லை.

மே மாதத்தில் வண்டியை மந்திரித்து அனுப்பினேன். வழியில் தங்கும் ஊர்களில் அந்தந்த ஊர்ப் பிள்ளைகளோடு விளையாட விடவேண்டும், ஞாயிறு திருப்பலி எந்த மொழியில் இருந்தாலும் பங்கேற்க வேண்டும், பிள்ளைகள் எனக்குக் கைப்பட எழுத வேண்டும் என்று மூன்று நிபந்தனைகள் விதித்தேன். புறப்படும் அன்று பின் இருக்கையில் அப்பாயி செபமாலையும் முறுக்கு டின்னுமாக உட்கார்ந்திருந்தார். லேவரைக்கும் அன்று, நாகபுரியில் அவருடைய தங்கை மகள் இருக்கிறாளாம், அதுவரைக்கும்.

அவர்கள் திரும்பி வந்து பத்து நாள் கழித்து எனக்கு ஓர் அஞ்சலட்டை கிடைத்தது. கார்கிலில் அஞ்சலில் சேர்த்தது, பையனின் கையெழுத்து. பனியைப் பற்றியோ மலைகளைப் பற்றியோ அதில் ஒரு வரியும் இல்லை. சாலையில் டி.என். 28 எண் போட்ட லாரி ஒன்று பழுதாகி நின்றதாம். அதன் ஓட்டுநர் ராசிபுரம் பக்கத்துக்காரராம். அப்பா இரண்டு மணிநேரம் அவருக்கு உதவினாராம். அவர் அடுப்பு மூட்டிப் புளிச்சோறு சமைத்து எல்லாருக்கும் கொடுத்தாராம். அவருக்கு இந்தியோடு பஞ்சாபியும் தெரியுமாம். பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதுவரைதான் படித்தாராம். பஞ்சாபியில் பத்துவரை எண்ணக் கற்றுக்கொடுத்திருக்கிறார். அட்டையின் ஓரத்தில் அந்த எண்களைத் தமிழ் எழுத்தில் வரிசையாக எழுதியிருந்தான். ஏழாவது எண் இருந்த இடத்தில் அஞ்சல் முத்திரை விழுந்திருந்தது.